சற்றே தொய்வு

உலகத்தில் நீதி இன்னும் செத்துப்போகவில்லை என்பதற்கு ஒரே சாட்சி, வெள்ளிக்கிழமை சினிமா விமர்சனம்தான். நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிய ஒரு தலைமுறை ஆகும். குற்றவாளிக்கு வக்கீல் உண்டு, மேல்முறையீடு உண்டு, போதாக்குறைக்கு வாய்தா வேறு. 'உரைகல்' அவர்களின் சந்நிதானத்தில் அந்தத் தொல்லை எதுவும் கிடையாது. காலையில் விசாரணை, மதியம் தீர்ப்பு, சாயங்காலம் தண்டனை.

உரைகல் என்பது புனைபெயர். எது தங்கம், எது பித்தளை என்று உரசிப் பார்த்துச் சொல்வதால் தாமே தமக்குச் சூட்டிக்கொண்டது. சொந்தப் பெயரை அவருடைய மனைவியே மறந்துவிட்டார். "இந்தாங்க" என்று கூப்பிட்டுப் பழகியவருக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

சமீபத்தில் வந்த படங்களுக்கு அவர் வழங்கிய தீர்ப்புகளைப் படித்தாலே அவருடைய தராசு முள் எவ்வளவு நேரானது என்பது விளங்கும். போர்ப் படத்துக்கு, 'முதல் பாதி விறுவிறுப்பு. இரண்டாம் பாதியில் தொய்வு. கத்தரி போட்டிருக்கலாம்.' பேய்ப் படத்துக்கு, 'முதல் பாதி திகில். இரண்டாம் பாதியில் தொய்வு. கத்தரி போட்டிருக்கலாம்.' காதல் படத்துக்கு இவற்றோடு, 'நாயகி வந்து போகிறார்' என்று ஒரு வரி கூடுதல். கடலடி உயிரினங்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று வந்தபோதும் அவர் தடுமாறவில்லை. 'மீன்கள் வந்து போகின்றன' என்று எழுதினார். பெரிய படம், சின்னப் படம் என்ற பேதம் அவரிடம் இல்லை. எல்லோருக்கும் ஒரே தண்டனை.

இந்தத் துல்லியத்துக்குப் பின்னால் ஒரு தொழில்முறை இருந்தது. இடைவேளை விளக்கு எரிந்ததும் எழுந்து, வாசல் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, நேரே வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்துவிடுவார். இதைச் சோம்பேறித்தனம் என்பவர்களுக்குத் தொழில் தெரியாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றார்கள் பெரியவர்கள். உரைகல்லோ அரைப்பானையைத் தின்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார். இரண்டாம் பாதியில் தொய்வு என்ற அவருடைய கண்டுபிடிப்பை இதுவரை ஒருவரும் மறுத்ததில்லை. மறுக்க வேண்டியவர்கள் அந்நேரம் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தது தீர்ப்புக்கு மேலும் வலு சேர்த்தது.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரே மகள். அவள் படத்தொகுப்பாளர் ஆனாள். ஜன்னல் இல்லாத அறையில், யார் யார் படத்துக்கோ உதவியாளாக வெட்டி ஒட்டிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவளுக்கு, முதல் தடவையாகத் தன் பெயரிலேயே ஒரு படம் கிடைத்தது. தயாரிப்பாளர், டைல்ஸ் கடை முதலாளி. தரை மட்டமாக இருக்கிறதா என்று கண்ணாலேயே சொல்லிவிடுவார்; சினிமா மட்டமா என்று சொல்லத் தெரியாது. அதை அவரே ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். பத்திரிகையில் நல்ல விதமாக வந்தால் அடுத்த படமும் அவளுக்கே என்று வாக்குக் கொடுத்திருந்தார். வரவில்லையென்றால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

படம் வெளியாகும் அன்று காலை, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் அவள் வந்து நின்றாள்.

"நல்லா எழுதுங்கன்னு கேக்க மாட்டேன்பா. திட்டினாலும் பரவால்ல. கடைசி வரைக்கும் உக்காந்து பாருங்க, அது போதும்."

உரைகல்லுக்குச் சுருக்கென்றது. "நான் என்னிக்கும்மா உக்காராம இருந்திருக்கேன்?" என்றார். அடுப்படியில் மனைவி இருமினார்.

ஆனாலும் பெற்ற மனம். இன்றைக்கு ஒருநாள் முழுவதும் உட்கார்ந்துவிடுவது என்று உண்மையாகவே முடிவு செய்துகொண்டுதான் அவர் தியேட்டருக்குள் நுழைந்தார். படமும் அவரைப் பிடித்து உட்காரவைத்தது. ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமல் வாழும் அக்காவும் தங்கையும். பேசித்தீர்க்க வேண்டியது மலையாகக் கிடக்கிறது. ஒருநாள் அக்கா தங்கையின் கதவுக்கு முன்னால் வந்து நிற்கிறாள். தட்டுவதற்குக் கையைத் தூக்குகிறாள். திரை இருண்டது. விளக்கு எரிந்தது.

உரைகல்லுக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன அருமையான இடைவேளைத் திருப்பம் என்று மூக்கை உறிஞ்சினார். உட்கார் என்று மனசு சொன்னது. ஆனால் விளக்கைப் பார்த்ததும் எழுந்து பழகிய கால்கள் எழுந்துவிட்டன. சரி, டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வரலாம் என்று வாசலுக்குப் போனால் டீக்கடைக்காரர் அடுப்பையே மூட்டவில்லை. இடைவேளையில் கடை திறக்காதவர் உருப்படுவாரா என்று வருத்தப்பட்டார்.

அதைவிடப் பெரிய வருத்தம் பின்னாலேயே வந்தது. உள்ளே இருந்த ஜனம் மொத்தமும் வெளியே வந்தது. வந்ததோடு நில்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டது. சக விமர்சகர்கள் மூன்று பேரும் கைகாட்டிவிட்டுக் கிளம்பினார்கள். ஒரு பிராணி திரும்பி உள்ளே போகவில்லை.

பாதிப் படத்திலேயே கூட்டம் கலைந்துவிட்டதே என்று பெற்ற வயிறு பற்றி எரிந்தது. ஆளில்லாத கொட்டகையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து மகளின் தோல்வியை வேடிக்கை பார்க்க அவருக்குத் தெம்பில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து எழுதினார். 'முதல் பாதி நெஞ்சைத் தொடுகிறது. கதவைத் தட்டப்போகும் இடைவேளைக் காட்சி அபாரம். இரண்டாம் பாதியில்' என்று எழுதியதும் பேனா நின்றது. பாசமும் நீதியும் வெகுநேரம் மல்லுக்கட்டின. கடைசியில், தம் தொழில் வாழ்க்கையில் என்றுமே செய்யாத ஒரு சலுகையைச் செய்தார். 'சற்றே தொய்வு' என்று எழுதினார்.

உரைகல் எழுதினால் மற்றவர்களும் எழுதியாக வேண்டும். சாயங்காலத்துக்குள் எல்லாப் பத்திரிகைகளும் இரண்டாம் பாதியின் மேல் பாய்ந்தன. கதவு திறந்தபிறகு கதை தடம் மாறுகிறது என்றார் ஒருவர். இரண்டாம் பாதிப் பாட்டு வேகத்தடை என்றார் இன்னொருவர். அதில் நாயகியின் உடை பொருந்தவில்லை என்று மூன்றாமவருக்கு மனத்தாங்கல்.

மறுநாள் காலை டைல்ஸ் கடை முதலாளியிடமிருந்து போன் வந்தது. மகள் கூடத்திலேயே ஸ்பீக்கரில் போட்டாள். உரைகல் நாற்காலியில் இருந்தார்.

"என்னம்மா, ரெண்டாம் பாதி தொய்வாமே?"

"சார், நம்ம படத்துல ரெண்டாம் பாதியே கிடையாது. மொத்தமே ஒண்ணேகால் மணி நேரம். இடைவேளை வேண்டாம்னு நீங்களும்தானே தலையாட்டினீங்க?"

"அது எனக்குத் தெரியும்மா. ஆனா எல்லாரும் எழுதியிருக்காங்களே."

"இல்லாததை நான் எப்படி சார் தொய்வா வெட்ட முடியும்?"

முதலாளி யோசித்தார். நியாயமான மனுஷர். "அதைத்தான்மா நானும் ராத்திரியெல்லாம் யோசிச்சேன். இல்லாத பாதியே இவ்வளவு இழுவைன்னா, அது இருந்திருந்தா என் கதி என்ன?" என்றார். அடுத்த படத்துக்கு வேறு ஆள் பார்த்திருப்பதாகவும், தவறாக நினைக்க வேண்டாம் என்றும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மகள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று உரைகல்லுக்குத் தோன்றியது.

"கையைத் தூக்கறாளே, அதோட படம் முடிஞ்சதுப்பா. உங்க வாழ்க்கையிலேயே முதல் தடவையா ஒரு படத்துக்கு முழுசா இருந்திருக்கீங்க. இருந்தீங்களே தவிர பாக்கல."

சொல்ல எவ்வளவோ இருந்தது. அந்தக் கை உயர்ந்தபோது கண் கலங்கியதைச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

"நான் 'சற்றே'ன்னு போட்டேன்மா. உனக்காகத்தான்."

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். படத்தில் இரண்டாம் பாதி இல்லை என்று ஒரு வரி திருத்தம். அது வந்தால் முதலாளி மனசு மாறுவார். உரைகல் மறுபேச்சுப் பேசாமல் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார்.

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வருத்தம் தெரிவிப்பதில் தமக்கு ஆட்சேபம் இல்லை என்றார். "ஆனா இந்தப் படத்துக்கு ரெண்டாம் பாதி இல்லைன்னு போட்டா, மத்ததுக்கெல்லாம் இருந்துச்சான்னு வாசகன் கேப்பான். இருந்துச்சா, உங்களுக்குத் தெரியுமா?"

உரைகல்லுக்குத் தெரியாது. இருக்கும் என்று ஒரு நம்பிக்கைதான்.

விஷயம் விமர்சகர்கள் சங்கத்தின் அவசரக் கூட்டத்துக்குப் போனது. நீண்ட விவாதத்துக்குப் பிறகு, இரண்டாம் பாதி அடியோடு இல்லாமற்போவது தொய்வின் முற்றிய நிலையே என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. ஆகவே விமர்சனம் சரி, படம்தான் தவறு. சொந்த மகளுக்கே சலுகை காட்டாத உரைகல்லுக்கு 'நடுநிலைச் செம்மல்' என்று பட்டமும் கேடயமும் வழங்குவது என்று இரண்டாவது தீர்மானம். வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தார். அதற்குள் கேடயத்தில் பெயர் வெட்டிவிட்டதாகச் சொன்னார்கள். வெட்டியது வெட்டியதுதானே.

விழாவுக்கு மகள் வரமாட்டாள் என்று நினைத்திருந்தார். அம்மாவோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மன்னித்துவிட்டாள், என்ன இருந்தாலும் பெற்ற பெண் என்று நினைத்துக்கொண்டார். பாராட்டு மடலை மகளே படித்துக் கொடுத்தால் எவ்வளவு உருக்கமாக இருக்கும் என்று சங்கச் செயலாளருக்குத் தோன்றி, அவளை மேடைக்கு அழைத்தார்.

அவள் மடலை வாங்கி, ஒருமுறை தனக்குள் படித்துப் பார்த்தாள். பிறகு மைக்கில் நிதானமாக வாசித்தாள்.

"'படம் மகளுடையது என்றும் பாராமல் எழுதிய நடுநிலையாளர்.'"

அரங்கம் கைதட்டியது. உரைகல் எழுந்து கும்பிட்டார். கைதட்டல் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க. நான் எடிட்டர், கை சும்மா இருக்காது. இதுல ரெண்டே வார்த்தை அதிகம். 'மகளுடையது', 'என்றும்'. அந்த ரெண்டையும் எடுத்துட்டுப் படிக்கறேன், சரியா இருக்கான்னு அப்பாவே சொல்லட்டும்."

படித்தாள்.

"'படம் பாராமல் எழுதிய நடுநிலையாளர்.'"