நாற்பது நாள் வெறும் கஞ்சி

இதை எனக்கு முதலில் சொன்னவர் ஒரு லாரி டிரைவர். போன மழைக்காலத்தில், ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றுகிற அறைக்கு வெளியே, பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் அடுப்பில் சுட்டுக்கொண்ட கையோடு போயிருந்தேன். அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

“ஜாக்கி நழுவி லாரி என் இடது கால்மேல இறங்கிடுச்சும்மா. ரெண்டு விரல் போச்சு. குதிகால் புண்ணு ஆறவே இல்லை. டாக்டர் சொன்னார்: ‘அமினோ அமிலம்னு இருக்கு. அதுல ஒன்பதை உடம்பு தானாச் செய்யாது, சாப்பாட்டுலதான் வரணும். அரிசியில குறையறது பருப்புல இருக்கு, பருப்புல குறையறது அரிசியில. ரெண்டையும் சேர்த்துச் சாப்பிடுங்க. முட்டை, பாலும் வேணும். இல்லாட்டி புதுச் சதை எதை வச்சு வளரும்? ஆறு வாரம் பார்ப்போம். ஆறலைன்னா காலை எடுத்துடணும்.’

கிளட்ச் மிதிக்கிற கால். அது போனா நான் எதுக்கு? யாருக்கும் பாரமா இருக்காம, சத்தமில்லாமப் போயிடணும்னு முடிவு பண்ணேன். பட்டினி கிடந்தா வீட்டுக்காரி விடமாட்டா. அதனால ஒரு பெரிய திட்டம் போட்டேன். அவகிட்ட போய்ச் சொன்னேன்:

‘சாமிக்கு வேண்டிக்கிட்டேன். நாற்பது நாள் வெறும் அரிசிக் கஞ்சிதான். பருப்பு, முட்டை, பால் தொடமாட்டேன்.’

‘டாக்டர் சொன்னாரே?’

‘டாக்டர் பெரியவரா, சாமி பெரியவரா?’

அவ எழுந்து அரிசி களையப் போயிட்டா. முப்பது வருஷத்துல என் முதல் ஜெயம்! சாகப் போறவனுக்குச் சிரிப்புகூட வந்துச்சு.

மூணாம் நாள் கேட்டேன். ‘கஞ்சி என்ன மஞ்சளா இருக்கு?’

‘புது அரிசி.’

‘வறுத்த வாசனை வருதே?’

‘அடிப் பிடிச்சிடுச்சு.’

‘இவ்வளவு கெட்டியா?’

‘விரதத்துல இருக்கிறவர் இவ்வளவு பேசக் கூடாது. குடிங்க.’

குடிச்சேன். தினமும் மூணு வேளை. சாவு வரும் வரும்னு பார்த்தேன், பசிதான் வந்துச்சு.

நாற்பதாம் நாள் கட்டைப் பிரிச்சாங்க. குதிகாலெல்லாம் சிவப்பாப் புதுச் சதை. ‘கால் தப்பிச்சுது. என்ன சாப்பிட்டீங்க?’ன்னார் டாக்டர்.

‘வெறும் கஞ்சி.’

‘வெறும் கஞ்சியில இது வளராதே.’

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவ பழைய கட்டுத்துணியைச் சுருட்டிக்கிட்டே சொன்னா: ‘சாகறதுக்குன்னு சொல்லியிருந்தா உங்ககிட்ட சண்டை போட்டிருப்பேன். சாமிக்குன்னீங்க. அதான் சாமிகிட்டயே கேட்டுட்டு, பருப்பை வறுத்து அரைச்சுப் பாலோட கலந்தேன். அவர் வேண்டாம்னு சொல்லலைங்க.’”

அவர் சொல்லி முடித்தபோது அவருடைய மனைவி மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். ரவிக்கை தொளதொளவென்று தொங்க, பாதி உடம்பாக இருந்தாள். நாற்பது நாளும் அவள் என்ன சாப்பிட்டாள் என்று நான் கேட்கவில்லை. அன்றிரவு இரண்டு பேருக்காகவும் ஜெபித்தேன்.

உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். வீட்டில் யாராவது திடீரென்று “எனக்குக் கஞ்சி போதும்” என்றால், பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.