வெயிலடக்கிச் சாமியாரும் இரட்டைக் கதவும்

வெயிலையே அடக்கிவிட்டாராம் சாமியார்! ஊரே வாயைப் பிளந்தது. நோயைத் தீர்க்கவில்லை, மழையை வரவழைக்கவில்லை. கதவு வெளுக்காமல் காப்பாற்றினார். அதற்கே கூட்டம் கடைத்தெருவரை நின்றது. அவர் தரும் எண்ணெயைப் பூசினால் ஏழு தலைமுறைக்கு மரம் நிறம் மாறாதாம். பூசும் முன் பழைய வார்னிஷைச் சுரண்டிவிட வேண்டும். பூசிய பின் அவரே தரும் தடித்த பச்சைத் துணியால் கதவை மூட வேண்டும். கோடை முடியும்வரை மரத்தைக் கண்ணால் பார்க்கவும் கூடாது. பார்த்தால் சக்தி பறந்துவிடும். சக்திக்குச் சிறகு முளைத்திருக்கிறது போலும்.

வரிசையை ஒழுங்குபடுத்தியவர் செக்கிங் பெரியவர். ஆலை வாசலில் காவலாளியாக நின்று, போகிறவர் வருகிறவர் பையையெல்லாம் கிளறியே தலை நரைத்தவர். டாக்டர் நாடி பிடித்தால் இவர் டாக்டரின் கடிகாரத்தைச் சரிபார்ப்பார். சொந்த நிழல் பின்னால் வந்தால்கூட "எங்கே போறே?" என்று கேட்கிற ஆள். அப்பேர்ப்பட்டவர் சாமியார் காலில் குப்புற விழுந்தார். பக்தர்களின் பையை ஒன்று விடாமல் சோதித்தார். சாமியார் பையை மட்டும் தொடவில்லை.

எல்லாம் பெயிண்டுக் கடைக்காரரால் வந்தது. "எந்த வார்னிஷ் அடிச்சாலும் வெயில் கொஞ்சங்கொஞ்சமா தின்னுடும் பெரியவரே. கண்ணாடி மாதிரி இருக்கிறது சீக்கிரம் போயிடும். நிறம் கலந்தது கூடக் கொஞ்ச நாள் தாங்கும். எதுவானாலும் மறுபடி பூசித்தான் ஆகணும்" என்று உள்ளதைச் சொல்லித் தொலைத்தார்.

தன் சரக்கைத் தானே குறை சொல்கிறானே, இவன் பக்காத் திருடன் என்று முடிவு கட்டினார் பெரியவர். ஏழு தலைமுறை என்றவர் யோக்கியராகிவிட்டார்.

"நல்லா இருந்த வார்னிஷை ஏங்க சுரண்டுறீங்க?" என்றாள் மனைவி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. எண்ணெயைப் பூசு, துணியைப் போடு. கேள்வி கேக்காதே."

"ஆயுசு பூரா கேள்வி கேட்டது நீங்க. நான் எங்க கேட்டேன்?"

கோடை முழுக்கப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டே தம் வீட்டுக்குள் நுழைந்தார். நெற்றி புடைத்ததுதான் மிச்சம்.

கோடை முடிந்ததும் சாமியார் அவர் வாசலில் எழுந்தருளினார். அதிசயம் மெய்யானால் தெருவே தன் கதவுகளைச் சுரண்டத் தயார். பலர் கையில் உப்புத்தாள்.

"செக்கிங்கே நம்பிட்டாரு, அப்புறம் என்னப்பா!"

துணி விலகியது. இரட்டைக் கதவில் ஒரு பக்கம் தேன் நிறத்தில் மின்னியது. மறுபக்கம் அடுப்புச் சாம்பல். பெரியவருக்குத் திக்கென்றது. சாமியார் அசரவில்லை.

"பாத்தீங்களா! எண்ணெய் பட்ட பக்கம் தங்கம். இந்தம்மா சோம்பல்பட்டுப் பூசாம விட்ட பக்கம் சாம்பல்!"

கைதட்டல் காதைப் பிளந்தது.

"தப்பு சாமி" என்றாள் மனைவி, முந்தானையில் கையைத் துடைத்தபடி. "எண்ணெய் பூசினதே அந்தச் சாம்பல் பக்கந்தான். தங்கத்துக்கு ஒரு சொட்டுகூடப் பூசல. தினமும் இவர் உங்க வரிசைக்குக் கிளம்பினதும், எண்ணெய்ப் பக்கத்துத் துணியை மட்டும் சுருட்டி வெச்சு வெயில்ல விட்டேன், இவர் திரும்பறதுக்குள்ள மறுபடி மூடிட்டேன். மரத்தைக் காப்பாத்தினது துணியோட நிழல்."

"பொய்!"

"இவரே மோந்து பாத்துச் சொல்லட்டுமே."

மோப்பம் பிடிப்பது யார் தொழில்? பெரியவர் மூக்கை வைத்தார். தேன் பக்கம் வெறும் மரவாசனை. சாம்பல் பக்கம் பழைய சமையல் எண்ணெயின் சிக்கு நாற்றம். கூட்டம் அவர் வாயையே பார்த்தது. ஒரு பொய் சொன்னால் இவர் மானம் தப்பும், தெருக் கதவெல்லாம் அம்மணமாகும்.

"எண்ணெய் சாம்பல் பக்கந்தான்யா இருக்கு" என்றார். "நான்தான் முழுமுட்டாள்."

உப்புத்தாள்கள் சத்தமில்லாமல் மடிந்தன. "பக்தியில்லாத வீடு!" என்று முணுமுணுத்து நழுவிய சாமியாரைப் பெரியவர் கையை நீட்டி மறித்தார்.

"பையைத் திற."

உள்ளே நிறம் கலந்த வார்னிஷ் டப்பா. பெயிண்டுக் கடைக்காரரிடம் வாங்கியது.

"எங்க வீட்டுக் கதவுக்குங்க" என்றார் சாமியார்.

ஊரார் பையையெல்லாம் திறந்து பார்த்த பெரியவர், தம் மண்டையை மட்டும் பூட்டியே வைத்திருந்தார். சிரிக்கிறீர்களே, உங்கள் மண்டையைத் திறந்து பார்த்து எத்தனை காலம் ஆகிறது?