அணியத்தில் ஒன்பது பேர்

ஜனநாயகத்தைக் காப்பாற்றும் பெரும்பொறுப்பு, சட்டமன்ற இடைத்தேர்தல் நெருங்கிய வேளையில், திரேஸ்புரம் மீனவன் ரெக்சனின் வள்ளத்தின்மேல் வந்து விழுந்தது.

எதிர்க்கட்சிக் கூட்டணியில் ஒன்பது கட்சிகள். ஒன்பது தலைவர்களும் கடல்வழியே வந்திறங்கி, அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் அடுக்கித் தூண்டில் வளைவு கட்டித் தருவதாக வாக்குறுதி அளிப்பார்கள் என்று ஒருங்கிணைப்பாளர் ஜெயகணேஷ் அறிவித்தார். அந்தக் கல்வரிசை இல்லாததால் ரெக்சனின் வள்ளம் ஏற்கெனவே அடிபட்டுத் தையல் போட்ட வள்ளம். இன்னொரு அடி தாங்காது. ஆகவே வாடகைகூடக் கேட்காமல் கொடுத்துவிட்டான்.

"வள்ளம் போனா சோறு போச்சு, நெனப்பிருக்கட்டும்," என்றாள் மனைவி அல்போன்சா.

"ஏளா, ஒம்பது கட்சி சேந்து வாரான். ஒரு வளைவு வராதா?"

வள்ளத்தின் முன்முனையை அணியம் என்பார்கள். அங்கே நிற்பவரே கூட்டணித் தலைவர் என்று பத்திரிகைகள் எழுதிவிடும் அபாயம் இருந்தது. நீண்ட ஆலோசனைக்குப் பின், சமத்துவத்தை நிலைநாட்டும் பொருட்டு ஒன்பது பேரும் அணியத்திலேயே நிற்பதென ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

"முன்னால நிக்க இம்புட்டுச் சண்டையா!" என்று ரெக்சன் வயிறு குலுங்கச் சிரித்தான். பிறகு சொன்னான்: "அண்ணாச்சி, எல்லாரும் அங்கன நின்னா மூக்கு குத்திரும். பின்னால பாரம் வேணும்."

"தொண்டர்கள நிறுத்துதோம்," என்றார் ஜெயகணேஷ்.

தொண்டர்கள் ஏறினார்கள். தலைவருக்குப் பின்னால் நிற்பதுதானே தொண்டனின் கடமை? அவரவர் தலைவரின் முதுகையொட்டி அவர்களும் அணியத்துக்கே போய்விட்டார்கள்.

வள்ளம் மூக்கைத் தாழ்த்தியது. பின்பக்கம் எழும்பி, எஞ்சினின் விசிறி தண்ணீரை விட்டு வெளியே வந்து காற்றில் சுழன்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு, பெருவேகத்தில் முன்னேறுவதாக எண்ணித் தலைவர்கள் கையசைத்தார்கள். அலை வள்ளத்தைத் தூக்கிக் கரையோரம் சாய்த்தது. இடுப்பளவு தண்ணீரில் விழுந்த தலைவர்கள் எழுந்து நடந்தார்கள்.

"கூட்டணி கரை சேர்ந்தது!" என்று ஜெயகணேஷ் ஒலிபெருக்கியில் முழங்கினார். கார்கள் கிளம்பின.

சாய்ந்த வள்ளத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த பெரிய அலை வருமுன் கரைக்கு இழுத்தாக வேண்டும். கரையிலிருந்த மூன்று மீனவர் சங்கத்தாரும் ஓடி வந்தார்கள்.

"முன்கயிறு எங்க சங்கத்துக்கு."

"போன தடவையும் நீங்கதான பிடிச்சிய? இப்ப நாங்க."

"மூத்த சங்கம் நாங்க நிக்கோம்லா!"

"ஏதாவது ஒரு கயித்தப் பிடிச்சு இழுங்கய்யா!" என்று கத்தினாள் அல்போன்சா. அவள் மட்டும் பின்பக்கத்தில் தோள்கொடுத்து நின்றாள்.

ரெக்சன் பாய்ந்து வந்து முன்கயிற்றைப் பற்றிக்கொண்டான். "ஏலே, ஒருத்தனும் பிடிக்காண்டாம்! வள்ளம் என்னுது. முன்கயிறு நாந்தான் பிடிப்பேன்!"

அது நியாயம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ரெக்சனுக்கு அடுத்து நிற்பது எந்தச் சங்கம் என்று பேச்சைத் தொடங்கினார்கள். அப்போது பெரிய அலை வந்தது. அல்போன்சா துள்ளி விலகினாள். கயிறு அறுந்தது. தையல் பிரிந்த வள்ளம் பலகை பலகையாக மிதந்து போனது.

அறுந்த முன்கயிற்றைப் பிடித்தபடி ரெக்சன் நின்றான்.

புடவையைப் பிழிந்துகொண்டே அல்போன்சா அவனைக் கடந்து போனாள். "கெட்டியாப் பிடிச்சுக்கிடும். வேற யாரும் பறிச்சிரப் போறாவ."

ரெக்சன் சட்டென்று பிடியை இறுக்கினான்.