தொட்டிக்குப் பாரமாக உட்கார்ந்தவன்

வெளிநாட்டுக்குப் போன பிள்ளையின் அறையில், ஆளில்லாத நேரம் பார்த்துக் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வராத தகப்பன் இருக்க மாட்டான். சிலர் கட்டிலில் உட்காருவார்கள். சிலர் ஓட்ட ஆளில்லாத சைக்கிளுக்குக் காற்றடிப்பார்கள். நான் குளியல் தொட்டியில் உட்கார்ந்தேன். அது உடைந்தது.

(சிரித்துவிட்டு வாருங்கள். காத்திருக்கிறேன்.)

புதுப்பட்டினத்தில் நாங்கள் வாங்கிய வீடு, ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குப் போன ஒரு பொறியாளருடையது. மனிதர் எந்த நாட்டில் பார்த்து ஆசைப்பட்டாரோ, பின் அறையை ஒட்டிய குளியலறையில் பாசிப்பச்சை நிறத்தில் ஒரு தொட்டி போட்டு வைத்திருந்தார். நாங்கள் பக்கெட்டும் மக்குமாகக் குளிக்கும் பரம்பரை. அதில் யாரும் குளிக்கவில்லை. மோட்டார் ரிப்பேரான நாட்களில் என் மனைவி ஜெயசீலி அதில் தண்ணீர் பிடித்து வைப்பாள், அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்பு வந்ததும் எங்கள் ஒரே மகள் ஷீபா அதைக் கைப்பற்றினாள். காய்ந்த தொட்டிக்குள் தலையணையைப் போட்டு, கால்களை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு படிப்பாள். டி.வி. சத்தம் எட்டாத இடம் வீட்டிலேயே அது ஒன்றுதானாம். நான் டீயை எடுத்துக்கொண்டு போய், குளியலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்காருவேன்.

"உள்ள வராதீங்கப்பா, கவனம் போயிடும்" என்பாள். சொல்லிவிட்டு அவளே பேச்சை ஆரம்பிப்பாள். தோழி செய்த துரோகம், கெமிஸ்ட்ரி மிஸ்ஸின் புடவை, செத்த பிறகு பூனைகள் எங்கே போகும் என்பது வரைக்கும். என் வாழ்க்கையின் முக்கியமான பேச்சுகள் எல்லாம் ஒரு குளியலறை நிலைப்படியில் நடந்தவை.

பிறகு அவள் அயர்லாந்துக்குப் போனாள். முதலில் படிப்பு என்றாள், அப்புறம் வேலை என்றாள். மூன்று கிறிஸ்துமஸ் அவள் இல்லாமல் வந்து போயின. இந்த டிசம்பரில் வருகிறேன் என்று போன் செய்தபோது அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அப்பா, என் தொட்டி இருக்குல்ல? வந்ததும் ஒரு நாள் பூரா அதுலயே படுத்துக் கிடக்கப் போறேன்."

"இருக்கும்மா, எங்க போகும்?" என்றேன். அன்று சாயங்காலம்தான் போய் உட்கார்ந்தேன். அவளைப் போலவே காலை வெளியே தொங்கவிட்டுக்கூடப் பார்த்தேன். அடியில் 'படக்' என்று ஒரு சத்தம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தொட்டியின் வயதையும் என் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. தொட்டி இல்லையென்றால் அவள் தங்குவாளா? தோழிகளோடு மாமல்லபுரத்தில் ரூம் போட்டுக்கொண்டு, எங்களுக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு மட்டும் தலைகாட்டிவிட்டுப் போய்விடுவாளோ? (பயப்பட எனக்குக் காரணம் தேவையில்லை. ஆனால் ஒன்று கிடைத்துவிட்டால் விடமாட்டேன்.)

இடித்த ரிசார்ட்டுகளின் சாமான்களை விற்கும் கடைகள் ஈ.சி.ஆரில் இருக்கின்றன. கோவளம் வரை ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். பாசிப்பச்சை கிடைக்கவில்லை. வெள்ளைதான் கிடைத்தது, அதுவும் பழையதைவிட ஒரு சாண் நீளம். அதைப் பொருத்த வந்தவர் எத்திராஜ் மேஸ்திரி, கருங்குழிக்காரர். தன் வேலையைத் தானே தட்டிக்கொடுத்துக்கொள்ளும் மனிதர். "நான் வெச்ச தொட்டில வெள்ளக்காரனே குளிச்சிட்டு எழுந்துக்க மாட்டேன்னான் சார்" என்றார்.

பழைய தொட்டியைப் பெயர்த்ததும் பின்னால் இருந்த சுவர், டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி கையோடு வந்தது.

"சுவரு மூணு பக்கமும் ஊறிப் போய்க்கீது சார். எல்லாத்தையும் கொத்திட்டு, புச்சா பூசி, வாட்டர்ப்ரூப் அடிச்சி, அப்பாலதான் டைல்ஸு. இதுல யாரு குளிக்கிறது?"

"யாரும் குளிக்க மாட்டோம்."

"பின்ன இன்னாத்துக்கு?"

"என் பொண்ணு படிப்பா."

மேஸ்திரி என்னையும் ஜெயசீலியையும் மாறி மாறிப் பார்த்தார். ஜெயசீலி, 'முப்பது வருஷமா இப்படித்தான்' என்பது போல் தலையசைத்தாள்.

பூச்சு காய்ந்ததும் நீர்க்கசிவைத் தடுக்கும் கலவையை இரண்டு கோட் அடித்தார். மூலைகளில் வலைத்துணி வைத்து ஒட்டினார். மூன்றாவது கோட் அடித்தால் என்ன என்று கேட்டேன்.

"சார், இது சுவரு. கப்பல் இல்ல."

பழைய தொட்டியின் நிறம் சுவரிலாவது இருக்கட்டும் என்று பாசிப்பச்சை டைல்ஸ் வாங்கி ஒட்டச் சொன்னேன். சுவரெல்லாம் ஒட்டி, இடுக்குகளும் அடைத்துக் காய்ந்த பிறகும் எனக்கு மனம் ஆறவில்லை. பக்கெட் பக்கெட்டாகச் சுவரில் தண்ணீர் அடித்துவிட்டு, ஓடிப்போய் ஷீபாவின் அறைப்பக்கச் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். காய்ந்தே இருந்தது. மறுபடி அடித்தேன். மாடித் தொட்டி காலியாகும் வரை அடித்தேன்.

மறுநாள் காலையில் எங்கள் தெருவுக்கு மின்தடை. மோட்டார் ஓடாது. அன்றைக்குத்தான் கடைசி வேலை: தொட்டியின் விளிம்பும் டைல்ஸும் சேரும் ஓரத்தில் சிலிக்கான் பசை விடுவது.

"தொட்டி நெறைய தண்ணி ரொப்பிட்டுதான் சார் பசை வுடணும். காலியா வுட்டா, அப்பால பாரம் ஏறசொல்ல தொட்டி எறங்கும், ஓரம் வாயப் பொளந்துக்கும்" என்றார் மேஸ்திரி.

"கரண்ட் சாயங்காலம்தான் வரும்."

"எனக்கு நாளைலேந்து மதுராந்தகத்துல வேலகீதே." யோசித்தார். பிறகு என்னைத் தலை முதல் கால் வரை நிதானமாகப் பார்த்தார். "சார் இன்னா வெயிட்டு?"

சொன்னேன். அந்த எண்ணைக் கேட்டு ஒரு மனிதர் சந்தோஷப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

"போதும் சார்! தொட்டி ரொம்புனாப்லதான்!"

ஆக, கைலியும் பனியனுமாகத் தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்தேன். போதாக்குறைக்கு மிச்சமிருந்த டைல்ஸ் பெட்டி ஒன்றை என் மடியில் வைத்தார். என்னைச் சுற்றிப் பசை விட்டார். விட்ட கையோடு, அடைக்காமல் பாக்கி வைத்திருந்த புதுத் தரை டைல்ஸின் இடுக்குகளையும் அடைத்துக்கொண்டே பின்னால் நகர்ந்து வாசலுக்குப் போய்விட்டார்.

"பசை தோல் கட்டற வரைக்கும் ஆடாத சார். தரைல கால வெச்சிராத. நான் துன்னுட்டு வந்துடறேன்."

போன் கூடத்தில் இருந்தது. ஜெயசீலி, கேக் சாமான் வாங்கவென்று செங்கல்பட்டுக்குப் போயிருந்தாள். ஷீபா வருவதற்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. நான் இருந்தேன், என் மடியில் பெட்டி இருந்தது.

முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் சும்மா இருக்க முடியாமல் சுற்றிப் பார்த்தேன். அங்கே உட்கார்ந்தால் தெரிபவை இரண்டுதான். மேலே காற்றுப்போக்கி வழியாக ஒரு துண்டு வானம். நேர் எதிரே வாசல். வாசலில், மேஸ்திரி சாமான் வைத்திருந்த பழைய ஸ்டூல். இத்தனை வருஷமும் அவள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றுதான் நினைத்திருந்தேன். தலையைத் தூக்கும்போதெல்லாம் அவள் கண்ணில் பட்டது நான்தான் என்பது, அவள் இடத்தில் உட்கார்ந்த பிறகே தெரிந்தது. பனியன் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். (பசை நெடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

அப்போது வாசலில் கார் நிற்கும் சத்தம். கேட் திறந்தது.

"அப்பா!"

உடம்பு தானாகத் துள்ளியது. மடியில் இருந்த பெட்டி சரிந்தது. வலது பக்க மூலையில் 'சப்' என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்டது. எழுந்தால் சுவர் போச்சு, எழாவிட்டால் மானம் போச்சு. நான் முடிவெடுப்பதற்குள் ஷீபா முதுகுப் பையோடு கூடத்தைத் தாண்டி, அறையைத் தாண்டி, குளியலறை வாசலுக்கே வந்துவிட்டாள். இளைத்திருந்தாள். முடியை வெட்டியிருந்தாள். ஒரு காலை உள்ளே நீட்டினாள்.

"கால் வைக்காதே! தரை காயலை!"

மூன்று வருஷம் கழித்து வந்த மகளிடம் நான் சொன்ன முதல் வார்த்தை இது.

நீட்டிய கால் அந்தரத்தில் நின்றது. அவளுக்குப் பின்னால் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி ஜெயசீலி. செங்கல்பட்டுக்குப் போகவே இல்லை, நேராக விமான நிலையத்துக்குப் போயிருக்கிறாள். அம்மாவும் மகளும் போட்ட திட்டம்.

"வாசல்ல நின்னு அழுவாரு, வீடியோ எடுக்கலாம்னு வந்தேன். இதை எந்தக் கணக்குல சேக்கறது?" என்றாள் ஜெயசீலி.

"என்னப்பா பண்றீங்க உள்ள?"

"தொட்டிக்குப் பாரமா இருக்கேம்மா. தண்ணிக்குப் பதிலா."

ஷீபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "இது என் தொட்டி இல்லையே. பச்சை எங்கப்பா?"

"ஒடஞ்சு போச்சு."

"எப்படி?"

"சொல்லுங்க வாத்தியாரே" என்றாள் ஜெயசீலி, செல்போனை இன்னும் கிட்டே நீட்டி.

"நான் உக்காந்தேன்."

"நீங்க எதுக்கு அதுல உக்காந்தீங்க?"

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. பெட்டியின் மேல் அச்சிட்டிருந்ததைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவள் முதுகுப் பையைக் கழற்றினாள். ஸ்டூலில் இருந்த கரணைகளை எடுத்துக் கீழே வைத்தாள், துப்பட்டாவால் தூசி தட்டினாள், உட்கார்ந்தாள்.

"அம்மா, ரெண்டு டீ. போனைக் கீழ வைம்மா." என்னிடம் திரும்பி, "வெளிய வராதீங்கப்பா. ஓரம் போயிடும்" என்றாள்.

டீ வந்தது. என் டம்ளர் என் கைக்கு எட்டவில்லை, அதையும் அவளே குடித்தாள். குளிரைப் பற்றிச் சொன்னாள். மத்தியானமே இருட்டிவிடுவதைச் சொன்னாள். போன வருஷம் வேலை போக இருந்ததையும், எங்களிடம் சொல்லாமல் மறைத்ததையும் சொன்னாள். தொட்டு ஆறுதல் சொல்ல முடியாது, நடுவில் காயாத தரை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

"நான் இருக்கற வீட்டுலயும் தொட்டி இருக்குப்பா. சுடுதண்ணி எல்லாம் வரும்" என்றாள் கடைசியில். "ஆனா வாசல்ல யாரும் உக்கார மாட்டாங்க."

மேஸ்திரி பல் குத்திக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். "சார், நவுந்தியா?"

"இல்லையே."

"வல்து மூலைல வாயத் தொறந்துகினு கீது பாரு!"

ஷீபா எந்த ரூமும் போடவில்லை. இருந்த நாளெல்லாம் வெள்ளைத் தொட்டியில் தலையணையோடு கிடந்தாள், நான் ஸ்டூலில் கிடந்தேன். ஜனவரியில் திரும்பிப் போய்விட்டாள். இப்போதும் தொட்டியில் தண்ணீர் நிரப்பினால் வலது மூலையில் மட்டும் கசிகிறது. "ஒரு ட்யூபு எட்துகினு வந்தா ஒரு நிமிசம் சார்" என்று மேஸ்திரி போன் செய்கிறார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்கிறேன். அவள் குரல் கேட்டுத் திறந்துகொண்ட இடம் அது.

அந்த வீடியோவைப் பார்க்காத சொந்தக்காரர் இல்லை. யார் வீட்டுக்குப் போனாலும், செருப்பைக் கழற்றும்போதே "வாத்தியாரே, தரை காஞ்சுடுச்சு, வாங்க" என்கிறார்கள். ஷீபா போன் செய்தால் ஹலோ சொல்வதில்லை. "அப்பா, கால் வைக்கலாமா?" என்றுதான் ஆரம்பிக்கிறாள்.

"காஞ்சுடுச்சும்மா, வா" என்கிறேன் ஒவ்வொரு முறையும். சிரிக்கிறாள். அப்புறம் அங்கே என்ன மணி என்று கேட்கிறேன்.