பால்கனி விழாத கதை

அதிகம் படித்தவர்களை விசேஷ நாளில் கம்ப்யூட்டர் பக்கம் விடக்கூடாது. கட்டடங்களின் அதிர்வைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த என்னை, பெண் பார்க்க வந்த அன்று விட்டுவிட்டார்கள்.

மானாம்பதியில் நைனா மாடி எடுத்து, தூணே இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி ஒன்றைக் கட்டியிருந்தார். பூ வைத்துக்கொண்டு சும்மா உட்காரப் பிடிக்காமல், அதை லேப்டாப்பில் வரைந்து, கூட்டம் ஏறினால் எவ்வளவு ஆடும் என்று கணக்குப் போட்டேன். திரையில் பால்கனி நனைந்த அப்பளம் போலத் தரைவரை தொங்கியது. (ஏதோ தப்பு என்று தெரிந்தது. எங்கே என்று பார்ப்பதற்குள் அம்மா கையில் கேசரித் தட்டைத் திணித்துவிட்டார்.)

மாகறலிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார், காற்றுக்காக அந்தப் பால்கனியில்தான் நின்றிருந்தார்கள். நான் கால் வைத்தேன். தரை கிடுகிடுவென்று நடுங்கியது.

கணக்கும் சொல்கிறது, காலும் சொல்கிறது. தட்டைப் போட்டேன். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே கத்தினேன்: "இடியப் போவுது! எல்லாரும் கீழ எறங்குங்க!"

மாப்பிள்ளை கேசரியில் வழுக்கி விழுந்தார். அவருடைய அப்பா ஒற்றைச் செருப்போடு தெருமுனையைத் தாண்டிவிட்டார்.

கீழே நின்று எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். பால்கனி அப்படியே இருந்தது. மாடி ஜன்னலில் சித்தி தலையை நீட்டினார்.

"வாஷிங் மெஷின் ரொம்ப குதிச்சிக்கினு இருந்துச்சி, ஆஃப் பண்ணிட்டேன். இன்னா அங்க சத்தம்?"

ஓடிப்போய் லேப்டாப்பைப் பார்த்தேன். நீளத்தையெல்லாம் மில்லிமீட்டரில் கொடுத்தவள், தளத்தின் கனத்தை மட்டும் மீட்டரில் கொடுத்திருந்தேன். நைனாவின் கான்கிரீட் என் கணக்கில் காகிதம் போல மெல்லிசு!

சம்பந்தம் முறிந்தது என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"இடியுதுன்னதும் பெத்தவங்கள வுட்டுட்டு என்னத்தான் இஸ்துக்கினு ஓடியாந்துச்சி. இதுக்கு மேல இன்னா பொண்ணு பாக்கறது?" என்றார்.

(கைக்கு எட்டியவர் அவர்தான் என்பதை நான் சொல்லப்போவதில்லை.)

கல்யாணமான மறுமாதமே, ஊரார் பேச்சைக் காதில் வாங்காமல், என்னை ஆராய்ச்சியை முடிக்க பஸ் ஏற்றிவிட்டவரும் அவரேதான். "போயி ஒயுங்கா கணக்கு போடக் கத்துக்கினு வா" என்றார். முனைவர் பட்டத்தில் பாதி அவருடையது.

அதற்கு வட்டியும் வசூலிக்கிறார். எங்கள் மாடிக்கு எந்த விருந்தாளி ஏறினாலும், கீழிருந்தே குரல் கொடுப்பார்:

"தைரியமா போங்க. டாக்டரம்மா இன்னிக்கி வூட்ல இல்ல!"