தள்ளாத பாலமும் தள்ளி நிற்காத மனிதரும்

'வரலாம், வரலாம்' என்போர் என்றோர் இனம் உண்டு. எங்கே எது அசைந்தாலும், அது பின்வாங்கும் லாரியோ மாடியேறும் பீரோவோ திருப்பத்தில் திணறும் தேரோ எதுவாயினும், ஒரு கையை உயர்த்திக்கொண்டு அங்கே முளைத்துவிடுவார்கள். பொருளின்மேல் மட்டும் அவர்கள் விரல் படாது.

சவுரியப்பன் இவ்வினத்தின் தலைமகன். அவர் ஊரைத் தென்பெண்ணையின் அக்கரையோடு இணைத்திருந்தது, இரும்புப் பீப்பாய்களின்மேல் பலகை பரப்பிய தள்ளுபாலம். வெள்ளம் வருகிறது என்றால் ஒரு முனையை அவிழ்த்து, எட்டுப் பேர் கயிறு பிடித்து இழுத்துக் கரையோரம் ஒதுக்க வேண்டும். வடிந்ததும் மறுபடி தள்ளிப் பொருத்த வேண்டும். எட்டுப் பேருக்கும் உள்ளங்கை உரியும். சவுரியப்பனுக்குத் தொண்டை கட்டும்.

"மெல்லங்க... எடப்பக்கம்... போதும், போதும்! நான் மட்டும் இல்லேன்னா பாலம் இந்நேரம் சாத்தனூர் டேமுல நிக்கும்!"

முதல் தேநீர் யாருக்கு? கேட்கவும் வேண்டுமோ?

இந்நிலையில்தான் கான்கிரீட் பாலம் வந்தது. திறந்த மறுநாள் காலை, சலவைச் சட்டையுடன் சவுரியப்பன் அதன் முகப்பில் போய் நின்றார். பார்த்தார். பாலம் அசையவில்லை. இனியும் அசையாது. அப்படியானால், இருபது ஆண்டுகளாக உயர்ந்த இந்தக் கைக்கு இனி என்ன வேலை?

பால் கேனுடன் மொபெட்டில் வந்த சுகுணா வேகத்தைக் குறைத்தாள்.

"அண்ணா, இது தள்ளுற பாலம் இல்லீங்க. நீங்கதான் கொஞ்சம் தள்ளி நில்லுங்க!"

சுருக்கென்று தைத்தது. அந்நேரம் பார்த்து இக்கரையிலிருந்து அரூர்ப் பேருந்தும் அக்கரையிலிருந்து கரும்பு டிராக்டரும் பாலத்தில் ஏறின. இரண்டும் தாராளமாகக் கடந்துபோக இடமிருந்தது. ஆனால் கை உயர்ந்துவிட்டது.

பேருந்து ஓட்டிவந்த முனிராஜ், கை காட்டினால் நிறுத்தும் பழக்க தோஷத்தால் பிரேக்கை மிதித்தார். டிராக்டரும் நின்றது. இருபுறமும் வண்டிகள் சேர்ந்தன, ஒலிப்பான்கள் அலறின. சவுரியப்பன் முகத்திலோ இழந்த ராஜ்யம் திரும்பக் கிடைத்த களை! நடுப்பாலத்தில் புகுந்து, "வரலாம், வரலாம்... ரைட்ல ஒடிங்க..." என்று ஒவ்வொரு வண்டியாக விடுவித்தார்.

முனிராஜ் சன்னல் வழியே தலையை நீட்டினார்: "எதுக்குங்க நிறுத்துனீங்க?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! நிறுத்தலேன்னா அப்புறம் எப்படிங்க அனுப்புறது?"

நகைக்கிறீர்கள். தாராளமாக நகையுங்கள். நேற்று மாலை உங்கள் எதிர்வீட்டுக்காரர் காரைப் பின்னுக்கு எடுத்தார். பின்புறம் பார்க்க அதில் காமிராவே இருக்கிறது. இருந்தும், செய்தித்தாளைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிப்போய் ஒரு கை உயர்ந்ததே, அது யாருடைய கை?