கூப்பிட்டால் திரும்பாதவர்

மனித குலம் குழந்தைகளைப் பெற்றதோடு ஒதுங்கிக்கொண்டது. அவர்களைப் புரிந்துகொள்ளும் மாபெரும் பொறுப்பை எங்கள் துறைதான் தலைமேல் எடுத்துப் போட்டுக்கொண்டது. குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகள் பற்றிய முதுகலைப் படிப்பில் நான் இரண்டாம் ஆண்டு. மூட்டை மூட்டையாகக் கட்டுரைகள் படித்தாயிற்று. குழந்தை என்று ஒன்றைத்தான் பார்த்ததில்லை.

"அவசரப்பட்டு குழந்தையப் பாத்துடாதீங்க. கோட்பாடு கலங்கிடும்" என்பார் பேராசிரியர்.

கடைசியில் ஒருநாள் குழந்தை வந்தே விட்டது. ஐந்து வயதுச் சிறுமி, பேச்சு கொஞ்சம் தாமதம். எங்கள் சான்றிதழ் சாதகமாக இருந்தால்தான் பள்ளியில் இடம் என்று சொல்லிவிட்டார்களாம். அம்மா வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, சிறுமிக்கு இறுக்கமாக இரட்டைச் சடை பின்னி அழைத்து வந்திருந்தார்.

எங்கள் அறநெறி மிகக் கறாரானது. குழந்தையின் அந்தரங்கம் காக்க, ஆய்வறைக்குள் அதன் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது. எனவே சிறுமி அன்று முதல் "மாதிரி ஏழு" ஆனாள்.

"எது மாதிரி சார்?" என்று கேட்டார் அம்மா.

"எது மாதிரியும் இல்லம்மா. மாதிரியே அவதான்," என்றார் பேராசிரியர்.

முதல் சோதனை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறாளா என்பது. நான் பின்னால் நின்று, பாடத்தில் சொன்ன கனிவோடு அழைத்தேன்.

"மாதிரி ஏழு... இங்க பாரும்மா."

அவள் பாட்டுக்கு மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"திரும்பலையா?" மடிக்கணினியிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார் பேராசிரியர்.

"இல்ல சார்."

"அருமை. எழுதிக்கங்க."

"அது அவ பேரே இல்லையே சார்," என்றார் அம்மா. "நான் கூப்பிட்டா திரும்புவா."

"தெரியும்மா. அதனாலதான் உங்களக் கூப்பிட விடல."

அம்மா அதற்குமேல் பொறுக்கவில்லை. "பொம்மி" என்றார் மெல்ல. சிறுமி சட்டென்று திரும்பிச் சிரித்தாள். எழுந்து போய், கையிலிருந்த சிவப்புக் கட்டையைப் பேராசிரியரிடம் நீட்டி, அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

"சார், உங்களுக்குத்தான் தர்றா," என்றேன். "சார்... சார்."

திரையைப் பார்த்தபடியே அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "கூப்பிட்டா திரும்பறதில்ல. எதிர்ல நிக்கறவங்க முகத்தப் பாக்கறதில்ல."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இரண்டு அறிகுறிகளையும் அந்த அறையில் நானே கண்ணால் கண்டேன்.

சான்றிதழைப் படித்த பள்ளி, சிறுமிக்கு இடமில்லை என்றது. அதே அறிகுறிகள் உள்ள இன்னொருவரைப் பல்கலைக்கழகம் துறைத் தலைவர் ஆக்கியது. அறநெறி கருதி அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் திரும்பப்போவதில்லை.